ஒரு கண்ணில் சுண்ணாம்பு

ஸ்ப்ளிட் நகர நீச்சல்குளம், இரவு ஒன்பதரை.
வாட்டர்போலோ பையன்கள் போய்விட்டார்கள்,
ஒற்றைச் செருப்பையும் குளோரின் வாடையையும் விட்டு.
வெளியே போரா காற்று
கொடிக்கம்பத்தின் கயிற்றை
அடித்துக்கொண்டே இருக்கிறது.

நான் டின்கோ. கண் மருத்துவமனையில் கருவி பிடிப்பவன்.
இன்றைக்கு மட்டும், டாக்டருக்குத் தெரியாமல்
அதை ரொட்டிப் பைக்குள் வைத்து
எடுத்து வந்தவன்.

சாய்வு நாற்காலியில் கொர்னேலியா.
பகலெல்லாம் ப்ராச் தீவுப் படகுக்கு டிக்கெட் கிழிப்பாள்.
கோடையில் கயிற்றோரம் தலைகீழாய்
எழுபத்திரண்டு மீட்டர் இறங்கி
ஒரு துண்டு அட்டையைப் பிய்த்துக்கொண்டு ஏறுவாள்.
மூச்சுக்கு முந்நூறு தரம் கடல் என்பாள்.
இப்போது அந்த மூச்சு உள்ளே போயாயிற்று.
முந்நூறும் அங்கேயே காத்திருக்கட்டும்.

கருவியின் முனை கருவிழியை ஆறு முறை தட்டும்,
ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு தட்டுகிற அளவுக்கு.
தட்டித் திரும்பும் வேகத்தில் சொல்லிவிடும்
உள்ளே எவ்வளவு இறுக்கமென்று.

வலது கண். முதல் நிமிடம், பதினான்கு.
இரண்டாவது, பதின்மூன்று.
மூன்றாவதும் அதே.

மூச்சடைத்தால் விழி பிதுங்கும் என்று
கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன் நான்.
அவளோ தோளைத் தளர்த்தி,
தாடையைத் தளர்த்தி,
யாரோ துவைத்துக் காயப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறாள்.

நான்காவது நிமிடம்
விலாவுக்குக் கீழே ஒரு உதறல்.
உதரவிதானம் கதவைத் தட்டுகிறது.
திறக்கவில்லை. மறுபடி தட்டுகிறது.
பதினாறு.

விட்டாள்.
"அடுத்தது காது" என்றாள்,
மூக்கைப் பொத்தி, காற்றைக் காதுக்குள் தள்ளினாள்,
கயிற்றில் இறங்கும்போது செய்வதுபோல,
ஆனால் வேண்டுமென்றே முரட்டுத்தனமாய்.
இருபத்துநான்கு.
கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அடக்கியதற்கு அல்ல,
முட்டியதற்கு.
அவ்வளவு சின்ன வித்தியாசம்
என் குறிப்பேட்டில் இரண்டு வரி தள்ளி நின்றது.

ஆகஸ்டில் ஒருநாள்
முகமூடிக்குள் மூக்கால் ஊத மறந்தாளாம்.
உள்ளிருந்த காற்று சுருங்கி, கண்ணை உறிஞ்சி,
இடது விழி ஒன்பது நாள் மாதுளை நிறம்.
செப்டம்பரில் சாவித்துவாரத்தின் பாதியைக் காணோம்.
அதனால்தான் இந்த ராத்திரி, இந்த ரொட்டிப் பை.

"இடதுக்கு மூச்சடக்க வேண்டாம்" என்றேன்.
"சும்மா உட்கார்."
சும்மா உட்கார்ந்தாள். காபி குடித்தாள்.
ஊரில் எல்லாரையும்போல மூச்சு விட்டாள்.
இருபத்தாறு.

திரும்ப வைத்தேன். இருபத்தாறு.
கருவியைத் துடைத்துவிட்டு வைத்தேன்.
இருபத்தேழு.

ஒரு கண்ணில் வெண்ணெய்,
ஒரு கண்ணில் சுண்ணாம்பு.
வைத்தது கடல் இல்லை.

"கடலைத் திட்டத் தயாராக வந்தேன்" என்றாள்.
"யாரைத் திட்டுவது? நாற்காலியையா?"
பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு:
"அப்பாவுக்கு நீந்தவே தெரியாது.
ஐம்பது வயதில் பேருந்து ஓட்டுவதை விட்டார்.
இடப்பக்கம் ஸ்கூட்டர்கள்
மண்ணிலிருந்து முளைக்கின்றன என்பார்.
நாங்கள் சிரிப்போம்."

கயிறு கம்பத்தில் அடித்தது.
அவள் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டாள்.
இறங்கலாமா, கூடாதா.
எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன்.
நாளை எட்டரைக்கு வா,
டாக்டரிடம் நானே சொல்கிறேன்,
திருடியதிலிருந்து தொடங்கி.

"உனக்கும் பார்ப்போம்" என்று
கருவியைப் பிடுங்கி என் எதிரே உட்கார்ந்தாள்.
அவள் விரல் நடுங்கவில்லை.
என் கண்ணுக்கு நேரே அந்தச் சிறு முனை.
திரையில் எண் வரவில்லை,
ஒரு கோடு மட்டும்.

"இமைக்கிறாய்" என்றாள்.
"மூச்சையும் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.
முதலில் அதை விடு."